ரப்பர் ரிட்லி



பால்மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்று நம் தோட்டத்துத் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வாயால் விடை சொல்லமாட்டார்கள், கையால் காட்டுவார்கள். உளி நேற்றைய வெட்டின் கீழ்விளிம்பில் ஒரு மெல்லிய சீவலை மட்டும் எடுக்கவேண்டும். சற்று ஆழ்ந்து கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே உளி ஓடாது. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடித்த தலைமுறையினர் அனைவரும் அறிந்த செய்தி இது. ஆனால், இந்த அறிவு ரப்பர் மரத்தோடு கப்பலேறி வந்ததன்று. பிரேசில் காட்டிலே பால் எடுத்தவர்களும் இதனை அறிந்திருக்கவில்லை. சிங்கப்பூரில் ஒரு தோட்டத்தில் நின்றிருந்த சில மரங்களில் ஒருவர் பொறுமையாகச் செய்துபார்த்துக் கண்டறிந்தது இது. அவர்தாம் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. அவர்தம் வாழ்க்கை வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம்.

ரிட்லி 1855 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10 ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் திருச்சபைப் போதகர். இளமை முதலே பூச்சிகளிலும் செடிகொடிகளிலும் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபின் 1880 இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் பணியேற்றார். உலர்ந்த இலைகளையும் மலர்களையும் தாளில் ஒட்டிப் பெயரிட்டு அடுக்கும் பணி அது. எட்டாண்டுகள் அதில் கழிந்தன. அப்பணியிலேயே அவர் இருந்திருந்தால் நல்ல அறிஞர் எனச் சிலர் போற்றியிருப்பர். நாம் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். 1888 இல் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநர் பதவி கிடைத்தது. பூமலை என்று நம்மவர் வாஞ்சையோடு அழைப்பது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவைத்தான். தம் முப்பத்து மூன்றாம் அகவையில் கப்பலேறி வந்த ரிட்லி, அங்கே இருபதாண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார்.

அவர் வந்து பார்த்தபோது, பூங்காவில் சில ரப்பர் மரங்கள் நின்றிருந்தன. அம்மரங்கள் அங்கே வந்து சேர்ந்ததே ஒரு தனிக்கதை. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அனுப்பினார். கியூ என்னுமிடத்திலுள்ள அரசப் பூங்காவில் அவ்விதைகளை ஊன்றினர். ரப்பர் விதைக்கு உயிர் சில வாரங்களே தங்கும். ஆதலால், முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில பூங்காவில் நடப்பட்டன; சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குச் சென்றன.

பத்தாண்டுகளுக்கு மேலாக அம்மரங்கள் கேட்பாரற்று வளர்ந்தன. அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் எவருக்கும் அக்கறையில்லை. மலாயாவில் அந்நாளில் காப்பிதான் பேச்சு. சிலாங்கூரிலும் பேராக்கிலும் துரைமார்கள் காடழித்துக் காப்பி நட்டனர். சீனப் பெருவணிகர் மரவள்ளியும் கம்பீரும் பயிரிட்டனர். பால் தருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கவேண்டிய ஒரு காட்டு மரத்தை யார் நடுவார்?

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். கீரை விதைத்தவன் தவறு செய்தால் ஒரு திங்களில் தெரிந்துகொள்வான். அடுத்த பாத்தியில் திருத்திக்கொள்வான். ரப்பர் நட்டவன் நிலைமை அப்படியன்று. காடு வெட்டி, எரித்து, கன்று நட்டு, களையெடுத்து, ஆறாண்டுகள் ஆட்களுக்குக் கூலி கொடுத்தபின் முதல் உளியை வைக்கும்போதுதான் அம்மரம் பால் தருமா, தந்தாலும் அடுத்த ஆண்டு உயிரோடிருக்குமா என்பது தெரியவரும். இல்லை என்றாகிவிட்டால் போட்ட முதலும் போச்சு, ஆறாண்டுகளும் போச்சு. ஆகவே, துரைமார்கள் அஞ்சியதைக் கோழைத்தனம் என்று நாம் கூறமாட்டோம்.

அந்த ஐயம் வெறும் கற்பனையுமன்று. பிரேசிலில் பால் எடுத்த முறை மிகக் கொடிது. சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவர். கொத்திய இடத்தின் கீழே களிமண்ணால் ஒரு கிண்ணத்தை ஒட்டுவர். மறுமுறை வேறோரிடத்தில் கொத்துவர். கோடரி பட்டையைக் கடந்து கட்டையில் பாயும். சில ஆண்டுகளில் மரத்தின் அடிப்பகுதி முழுவதும் வீங்கி, முடிச்சேறிப் பால் குறைந்துவிடும். பரந்த காட்டிலே மரத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்று கெட்டால் மற்றொன்று. வேலி போட்டு வளர்க்கும் தோட்டத்துக்கு அம்முறை ஒத்துவருமா?

ரிட்லியின் மேன்மை இங்கேதான் விளங்குகிறது. புதுக்காடு வெட்டி நூறு ஏக்கர் நட்டுப் பார்ப்போம் என்று அவர் கிளம்பவில்லை. அதற்கு அவரிடம் பணமுமில்லை. கண்முன்னே முற்றிய மரங்கள் நிற்கின்றனவே! பிறர் நட்டு மறந்த மரங்கள். அவற்றுக்கு ஆறாண்டுகள் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு கத்தி, சில கிண்ணங்கள், ஒரு குறிப்பேடு, இவை போதும். தொழில் நிலைக்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி எதுவோ, அதை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் மரத்தையே கேட்டார். கொல்லாமல் பால் எடுக்க முடியுமா என்பதே அக்கேள்வி.

கோடரியை ஒதுக்கிவிட்டுக் கத்தியை எடுத்தார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறினார். பால் ஒழுகி நின்றது. அடுத்த முறை வேறோரிடத்தில் கீறாமல், அதே கோட்டின் கீழ்விளிம்பிலிருந்து மிக மெல்லிய சீவலை எடுத்தார். மீண்டும் பால் வந்தது. இவ்வாறே பலநாள் செய்தார். வியப்புக்குரிய ஒன்று வெளிப்பட்டது. முதல்நாள் கொடுத்த பாலைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் மரம் கூடுதலாகப் பால் கொடுத்தது! காயம் பட்ட மரம் பாலை ஒளித்துக்கொள்ளும் என்று எண்ணியிருக்க, அது காயத்துக்கு விடை கூறுவதுபோல் மேலும் சுரந்தது. கன்றுக்குட்டி முட்ட முட்டப் பசு மடி சுரப்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். ஏறத்தாழ அதுபோல என்று கொள்ளலாம். ஒருமுறை கீறிப் பார்த்துவிட்டுப் பால் குறைவு என்று கைவிட்டவர்கள், இரண்டாம் மூன்றாம் முறை சீவிப் பார்க்காததனால் இதனைக் காணாமற் போயினர்.

மற்றொன்றையும் அவர் கண்டார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஒரு மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அதனைக் கத்தி தொடாதவரையில் சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடும். அந்தப் புதுப்பட்டையிலும் பால் எடுக்கலாம். அப்படியானால், ஒரு மரத்தை ஆண்டுக்கணக்கில் வெட்டலாம். மீன்முள்போல நடுவே ஒரு செங்குத்தான வாய்க்காலும் பக்கங்களில் சாய்வான கோடுகளும் அமைத்துப் பாலை ஒரே கிண்ணத்துக்கு இறக்கும் முறையையும் அவர் வகுத்தார். வெயில் ஏறுமுன், அதிகாலைக் குளிர்ச்சியில் பால் நன்கு ஓடுவதையும் குறித்துவைத்தார். நம் முன்னோர் இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு ஓடியதற்குக் காரணம் துரையின் கண்டிப்பு மட்டுமன்று என்பதை மாணவர்கள் இதனால் அறியலாம்.

ரப்பர் தரும் வேறு மரங்களும் அந்நாளில் போட்டியில் இருந்தன. இந்நாட்டிலேயே வளரும் ரம்போங் என்னும் அத்திவகை மரத்தைப் பலர் நம்பினர். அது பழகிய மரம். ரிட்லி தமக்குப் பிடித்த பிள்ளைக்குப் பரிந்து பேசும் தந்தைபோல் நடக்கவில்லை. பூங்காவில் பலவற்றையும் வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தே பிரேசில் மரத்தைத் தேர்ந்தார். தம் சோதனைகளின் முடிவை 1897 இல் அறிக்கையாகவும் வெளியிட்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் பெரியோர். அந்த ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கும் பொறுமைதான் பலருக்கு வாய்ப்பதில்லை.

ஒருவருக்கே எல்லாப் புகழையும் சூட்டுவது வரலாற்றுக்கு அழகன்று. விதை கொணர்ந்தவர் விக்காம். இலங்கையில் ஜான் பார்க்கின் என்னும் அறிஞர் பாலின் சுரப்பையும், அதனைப் புளிக்காடியின் அமிலம் கொண்டு உறையவைக்கும் முறையையும் ஆராய்ந்தார். எனினும், இம்மரத்தைத் தொழிலாக்கலாம் என்பதைக் கண்முன் காட்டி, ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர் ரிட்லியே.

சொன்னதைக் கேட்டவர்தாம் இல்லை. காணும் துரைமார்களின் சட்டைப்பையில் ரப்பர் விதைகளைத் திணித்துவிடுவார் என்று அவரைப்பற்றிக் கதை வழங்கிற்று. பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் சூட்டி நகைத்தனர். பின்னாளில் அதே வாய்கள் ரப்பர் ரிட்லி என்று அழைத்தன.

முதன்முதல் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த சீனர், தான் சாய் யான். சிங்கப்பூரில் ஏழைகளுக்கு மருத்துவமனை அமைத்துப் புகழ்பெற்ற தான் தோக் செங்கின் பேரர் அவர். செல்வக்குடியில் பிறந்தவர், விரும்பியிருந்தால் ஒரே முறையில் ஆயிரம் ஏக்கரைத் திருத்தியிருக்கலாம். அவரோ 1896 ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 ஏக்கரில் மட்டும் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பூங்காவில் நின்ற மரம் பூங்கா மண்ணில், பூங்கா ஆட்களின் கவனிப்பில் வளர்ந்தது. மலாக்கா மேட்டுநிலத்தில், கூலியாட்களின் கையில் அது எப்படி வளரும்? அந்த வினாவுக்கு 40 ஏக்கர் விடை சொன்னது. அடுத்து, புக்கிட் ஆசாஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அவர் இறங்கினார். அங்கும் ரப்பருக்கிடையே மரவள்ளி நட்டு, பால் வரும்வரையில் செலவுக்கு வழி செய்துகொண்டார். ரிட்லியின் சோதனைக்கு அடுத்தபடியாக நாம் போற்றுவது இந்த வணிகரின் நிதானத்தையே.

இதனை எழுதும்போது நமக்குத் தெரிந்த சில குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன. ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. முப்பதாண்டுப் பால்வெட்டின் பலன் அது. வந்த மாதமே பட்டணத்தில் கடைக்கு முன்பணம், அலமாரி, பெயர்ப்பலகை, திறப்புவிழாவுக்குப் பந்தல். ஆறு மாதத்தில் கதவு சாத்தியாகிறது. நம் பள்ளிப் பிள்ளையின் தாயார் ஒருவரோ தீபாவளிக்கு இரண்டு கிலோ முறுக்கு மட்டும் சுட்டு, லயத்திலும் கிராணிமார் வீடுகளிலும் விற்றுப் பார்த்தார். காரம் அதிகம் என்றனர், குறைத்தார். அடுத்த தீபாவளிக்கு இருபது கிலோ. அதன் பின்னரே பெரிய அடுப்பு வாங்கினார். அவர் ரிட்லியைப் படித்தவரல்லர்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். நூற்றாண்டின் இறுதியில் காப்பி விலை சரிந்தது. பிரேசிலில் விளைச்சல் பெருகியதும், இங்கே செடிகளை நோயும் புழுவும் அழித்ததும் காரணம். கையைப் பிசைந்துகொண்டு நின்ற துரைமார்கள் ரிட்லியைத் தேடி ஓடிவந்தனர். செய்முறை ஆயத்தமாக இருந்தது. விதையும் ஆயத்தமாக இருந்தது. அதற்குள் மோட்டார் வண்டிகள் பெருகி, சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டுமென்று உலகம் கேட்கத் தொடங்கிவிட்டது. 1910 இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. 1913 இல் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் பிரேசில் காட்டு ரப்பரை மிஞ்சியது. 1920 களின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் நட்ட நிலம் இருபது இலட்சம் ஏக்கரைக் கடந்தது. 1917 வரையில் சிங்கப்பூர்ப் பூமலை வழங்கிய விதைகள் மட்டும் எழுபது இலட்சம்.

இதே மரத்தை மற்றொரு பெரியவர் வேறுவிதமாகக் கையாண்டார். அவர் அமெரிக்க மோட்டார் மன்னர் ஹென்றி ஃபோர்டு. தம் வண்டிகளுக்கு வேண்டிய ரப்பரைத் தாமே விளைவிக்க விரும்பி, 1928 இல் பிரேசிலின் அதே தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்டுலாந்தியா என்னும் நகரையே எழுப்பினார். மருத்துவமனை, மரம் அறுக்கும் ஆலை, வரிசை வரிசையாக வீடுகள் எல்லாம் அமைந்தன. தாய்மண்ணில் மரம் வளராமலா போகும் என்ற நம்பிக்கை. ஆனால், காட்டில் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும் மரத்தை நெருக்கி நட்டால் அந்நாட்டு இலைக்கருகல் நோய் மரம்விட்டு மரம் தாவும் என்பதைச் சிறு பரப்பில் நட்டுப் பார்த்து அறியவில்லை. பின்னர் வேறிடத்துக்கு மாற்றியும் பயனில்லை. 1945 இல் முழுவதையும் அற்ப விலைக்குப் பிரேசில் அரசிடமே விட்டுவிட்டு வெளியேறினர். இழப்பு ஏறத்தாழ இரண்டு கோடி டாலர். ஃபோர்டு அதைத் தாங்கினார், அவரிடம் இருந்தது. நம்மிடம் அவ்வளவு இல்லையே!

ரிட்லியைப் புகழும் இவ்வேளையில் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. மரம் உளியைத் தாங்குமா என்பதற்குச் சோதனை நடந்தது. உளி பிடிக்க வரும் மனிதன் காட்டுக் காய்ச்சலைத் தாங்குவானா என்பதற்கு எவரும் முன்கூட்டிச் சோதனை செய்யவில்லை. விலையேறிய வேகத்தில் மலைச்சாரல்களிலெல்லாம் காடு வெட்டப்பட்டது; வெட்டிய இடங்களிலே நீரோடைகளில் கொசு பெருகியது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த நம் மக்கள் புதுத்தோட்டங்களில் மலேரியாவால் கூட்டங்கூட்டமாக மாண்டனர். மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901 முதல் கிள்ளானில் வடிகால் வெட்டிக் காய்ச்சலைத் தணித்துக் காட்டியிருந்தார். அச்சோதனையும் வெற்றியே. ரப்பர்ச் சோதனையைப் பின்பற்றிய விரைவில், வாட்சனின் சோதனையை எல்லாத் தோட்டங்களும் பின்பற்றவில்லை. இக்குறை ரிட்லியுடையதன்று, அவர் தாவரவியலார். ஆயினும், அவர் கண்ட வழியில் செல்வம் சேர்த்தவர்களுக்கு அது பொருந்தும். நம் பாட்டன்மார் பலரின் கல்லறைகள் இன்றும் ரப்பர்க் காடுகளுக்கும், அவற்றை அழித்து நட்ட செம்பனைக் காடுகளுக்கும் இடையே பெயரின்றிக் கிடக்கின்றன.

ரிட்லி 1911 இல் பணி ஓய்வு பெற்று, கியூ பூங்காவின் அருகே குடியேறினார். ரப்பரால் பலர் கோடீசுவரர் ஆயினர். அவர் தோட்ட முதலாளி ஆகவில்லை. மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப்பற்றி ஐந்து பெருந்தொகுதிகளை 1922 முதல் 1925 வரையில் வெளியிட்டார். விதைகள் காற்றாலும் நீராலும் பறவைகளாலும் உலகெங்கும் பரவும் விதத்தை விளக்கி, 1930 இல் மற்றொரு பெருநூல் எழுதினார். எண்பது வயதைக் கடந்தபின்னரே திருமணம் செய்துகொண்டார். நூறாண்டு நிறைவைக் கண்டு, 1956 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24 ஆம் நாள் இயற்கை எய்தினார். அதற்குப் பத்துத் திங்கள் கழித்து மலாயா விடுதலை பெற்றது.

அந்நாளில் கோலகங்சாரில் நட்ட கன்றுகளுள் ஒன்று முதுமரமாக அவ்வூர் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. பேராக் பக்கம் செல்லும் பெற்றோர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டலாம். உளி பிடித்த கை உள்ள வீடாயின், பட்டை எப்படி வெட்டப்படுகிறது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். இன்றைய பிள்ளைகளில் பலர் செம்பனையைத்தான் அறிவார்கள்.